பெட்டிக்குள் போவதும் வருவதுமாக இருந்த பஞ்சர் பை

அன்புள்ள கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. நீ, மருமகள், பேத்தி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், ஏதாவது என்றால் இதற்குள் போன் வந்திருக்கும். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அப்பாவின் இடது தோளை மட்டும் தனியாகச் சௌக்கியம் விசாரிக்க வேண்டும், அது இன்னும் மழை மேகத்தைப் பார்த்தால் முனகுகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். உனக்குத்தான் தெரியுமே, அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், நான் பேசினாலும் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அங்கே போனால் வெட்டுகிறவரோடு உலக விவகாரம் முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வருவார். தையல் மிஷின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டு விஷயம். மாடிக் குழாயில் தண்ணீர் இப்போது ஒழுங்காக வருகிறது, அப்பா ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் மோட்டாரில் ஒன்றும் இல்லை, தொட்டி மூடியில் இருந்த பிளாஸ்டிக் தாள்தான் உள்ளே போய் அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். எதிர்வீட்டு டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது தெருவில் போகிற எல்லாக் குழந்தைகளுக்கும் வாசலில் நின்றே பாடம் நடக்கிறது. பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கில் காத்திருக்கிறவர்கள் உட்காரும் சோபாவுக்கெல்லாம் உறை தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார், பயத்தில் பிராண்டிப் பிராண்டிப் பழைய உறை கிழிந்துவிட்டதாம், அதனால் கெட்டித் துணியாகக் கேட்கிறார். கண்ணுக்குக் கண்ணாடி மாற்றியபிறகு ஊசி கோர்ப்பது சுலபமாக இருக்கிறது. பேத்திக்கு முன் பல் விழுந்துவிட்டது என்று மருமகள் படம் அனுப்பியிருந்தாள், அந்த ஓட்டைச் சிரிப்பை அப்பா ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்கிறார் என்று எனக்குக் கணக்கே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ போனில், அப்பாவின் வண்டியை வாங்க ஆள் இருக்கிறது, உன் பழைய சிநேகிதர் ஒருவர் இந்த மாதக் கடைசியில் வந்து பார்ப்பார் என்று சொன்னாயே, அப்போது நான் உன்னைப் பேசியது எல்லாம் எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அப்பாவுக்கு இருக்கிற ஒரே சந்தோஷத்தை விலை பேச உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். இனி இந்தப் பேச்சை எடுத்தால் என்னோடு பேசவே வேண்டாம் என்றும் சொன்னேன். நீ, சரிம்மா, நான்தான் அவசரப்பட்டுட்டேன் என்று மட்டும் சொன்னாய். அப்பா பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அந்தச் செய்தித்தாளில் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் அடுப்பில் வேலை இருக்கிறது, மிஷினில் வேலை இருக்கிறது என்று போனை அப்பாவிடம் தள்ளிவிட்டேன். உனக்குப் புரிந்திருக்கும், ஆனாலும் நீ கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

உனக்கு அந்த வண்டி எங்களுக்கு என்ன என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் அப்பா மற்றவர்கள் ஏறி இறங்குகிற லிப்டைப் பழுது பார்த்தே காலத்தை ஓட்டினார், மேலே போவார், கீழே வருவார், அவ்வளவுதான் அவர் செய்த பயணம். ஓய்வு பெற்றதும் இனிமேல் குறுக்கே போகப் போகிறேன் என்று சொல்லி, இரண்டு பக்கமும் பெட்டி வைத்த அந்தப் பெரிய மோட்டார் பைக்கை வாங்கினார். நீ அதற்கு உன் தம்பி என்று பேர் வைத்தாய். சொத்தில் பங்கு கேட்காத தம்பி என்று நீ சொன்னதற்கு அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து போகிற எனக்கு முதலில் முதுகு போய்விடும் என்று பயம், பிறகு பழகிவிட்டது, இப்போது ஒரு மாதம் எங்கேயும் போகவில்லை என்றால் எனக்குத்தான் முதலில் கால் அரிக்கிறது. அந்தப் பரணை ஏணியில் இருந்து அப்பா விழுந்து தோள் பிசகியபிறகு, வண்டி ஓட்டலாம், ஆனால் எதையும் தூக்கக் கூடாது, அழுத்தித் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஓட்டலாம் என்ற பாதியைத்தான் நான் கேட்டேன். தள்ளக் கூடாது என்ற பாதி அப்பா மனசில் போய் உட்கார்ந்துகொண்டது, அது எனக்குத் தெரியவில்லை.

பஞ்சர் பை என்று ஒன்று வண்டியில் இருக்கும், நீ பார்த்திருப்பாய், சோபா உறையில் மிஞ்சிய பச்சை ரெக்ஸினில் நான்தான் தைத்தேன். டயரை ரிம்மில் இருந்து நெம்பி எடுக்கிற இரும்பு லீவர் மூன்று, கைப்பம்பு, ஒரு புது ட்யூப், ஒட்டுப்போடுகிற பேட்ச், அதை ஒட்டுகிற பசையான சொல்யூஷன், உப்புத்தாள், சக்கர நட்டுக்கு நீளமான ஸ்பேனர், எல்லாவற்றுக்கும் தனித்தனி அறை வைத்துத் தைத்திருக்கிறேன், குலுங்கினாலும் சத்தம் வராது. தோள் பிசகுவதற்கு முன்னால் எங்கே கிளம்பினாலும் அப்பா அதை இடது பக்கப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் மற்ற சாமான் வைக்க விடுவார். துணிமணி இல்லாமல் போகலாம், அது இல்லாமல் போகக் கூடாது என்பார். அப்படிப்பட்ட மனுஷர், தோள் சரியாகி நாங்கள் மறுபடியும் வெளியே கிளம்பிய முதல் தடவை, பையைக் கார் ஷெட் அலமாரியில் பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் விட்டுவிட்டார். நான் துடைப்பம் எடுக்கப் போனபோது கண்ணில் பட்டது. துடைக்க எடுத்தவர் திரும்ப வைக்க மறந்துவிட்டார் போல என்று நானே எடுத்துப் பெட்டியில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. விழுந்து எழுந்ததில் இருந்து, எதையாவது மறந்துட்டீங்களே என்று சொன்னால் முகம் சுண்டிப்போகிறது, அதனால்தான். அடுத்த தடவையும் பை அதே இடத்தில், அதே பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால். அதற்கு அடுத்த தடவையும். எனக்கு யோசனை எங்கெங்கோ போக ஆரம்பித்தது. உயிரே போனாலும் மறக்காத ஒன்றை மனுஷர் ஒவ்வொரு தடவையும் மறக்கிறாரே, இது சாதாரண மறதியா, வேறு ஏதாவதா என்று. உன்னிடம் சொன்னால் அங்கே உனக்குத் தூக்கம் போய்விடும் என்று என் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். கிளம்புகிற அன்று காலையில் அவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்துப் பூனை மாதிரிப் போய்ப் பையைப் பெட்டியில் வைப்பேன், அவ்வளவுதான், வாயைத் திறக்க மாட்டேன்.

போன வாரம் அணைக்கட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்று கிளம்பினோம். மாதக் கடைசியில் உன் சிநேகிதர் வருவார், அதற்கு முன்னால் ஒரு தடவை என்று அப்பா சொன்னார், கடைசித் தடவை என்று அவர் சொல்லவில்லை, ஆனால் வண்டியைத் துடைத்த விதத்தில் எனக்கு அப்படித்தான் பட்டது. அவரை வர வேண்டாம் என்று நீ இன்னும் சொல்லவில்லையே என்று உன் மேல் எனக்கு மூக்குக்கு மேல் கோபம், வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டேதான் போனேன். போகும்போது ஒன்றும் ஆகவில்லை, அங்கே அப்பா பெட்டியைத் திறக்கவும் இல்லை. திரும்பி வரும்போது, இரண்டு பக்கமும் வயலைத் தவிர ஒன்றும் இல்லாத ஒரு நீளச் சாலையில், பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. அப்பா பதற்றமே இல்லாமல் மெல்ல ஓரம் கட்டினார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் சப்பையாகிவிட்டது. நல்ல வெயில், பக்கத்தில் ஒரு புளியமரம் இருந்தது, கொஞ்சம் தள்ளி நிழலில் நிறுத்தினோம். அப்பா வண்டியைப் பார்க்கவே இல்லை, சாலையைப் பார்த்துக்கொண்டு, பஞ்சர் பையை எடுத்துட்டு வரலை, யாராவது வண்டி வந்தா ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லலாம், போன் பண்ணிப் பாக்கறேன் என்றார். மறந்த மனுஷர் சொல்கிற மாதிரி இல்லை அது. முன்கூட்டியே யோசித்து வைத்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது. நான் இடது பெட்டியைத் திறந்து பையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

கண்ணு, அவர் முகம் போன போக்கை நான் எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. வெளிறிப்போய்விட்டார். சாலையோரம் இருந்த மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நேத்துதானே எடுத்து அலமாரியில வெச்சேன் என்று அவருக்கே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, இது மொத தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும் எடுத்து வெச்சிட்டுத்தான் கிளம்பறேன், போற எடத்துல பாத்தா பெட்டிக்குள்ள இருக்கு, எனக்கு என்னமோ ஆகிட்டிருக்கு என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் மறக்கவில்லை. வேண்டுமென்றே எடுத்து ஒளித்திருக்கிறார். நான் வேண்டுமென்றே திரும்ப வைத்திருக்கிறேன். அவர் மறக்கிறார் என்று நான் பயந்துகொண்டு இருக்க, எடுத்து வைத்தோமா இல்லையா என்பதே நினைவில்லாமல் போய்விட்டதே என்று அவர் அதைவிட அதிகமாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் மூச்சு விடாமல்.

"நீங்க எடுத்து வெச்சீங்க. நான்தான் திரும்பக் கொண்டுவந்து வெச்சேன். எல்லாத் தடவையும் நான்தான்" என்றேன்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார், குழந்தை கேட்கிற மாதிரி. ஒண்ணும் இல்ல, கிறுக்கு ஒண்ணுதான் இருக்கு, அது கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்தது என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார், அதற்குள்ளே அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். எதற்காக ஒளித்தீர்கள் என்று கேட்டேன். பை கையில் இருந்தால் கழற்ற வேண்டும், லீவரை அழுத்தத் தோள் ஒத்துழைக்காது, அதை நான் பார்த்துவிடுவேன், பை இல்லை என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்றார். ஆயிரம் பேர் நம்பி ஏறிய லிப்டைத் தாங்கிய கை, பொண்டாட்டிக்கு முன்னால் ஒரு டயரைக் கழற்ற முடியாது என்று சொல்வதற்கு அவ்வளவு கூச்சம். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சரி, நான் கழட்டறேன், நீங்க சொல்லுங்க என்றேன். உனக்கு எதுக்கு என்று ஆரம்பித்தார். பின்ன யாருக்கு, வயல்ல நிக்கற கொக்குக்கா என்றேன்.

சென்டர் ஸ்டாண்டு போடவே இரண்டு பேரும் வேண்டியிருந்தது, அவர் காலால் மிதிக்க நான் பின்னால் பிடித்து இழுத்தேன். சக்கர நட்டு கல் மாதிரி இருந்தது, ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறி நின்றேன், உன் அம்மாவின் எடை முதல் தடவையாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது. செயினைத் தள்ளிச் சக்கரத்தை வெளியே எடுத்தோம். டயர் ரிம்மோடு ஒட்டிக்கொண்டு விடவில்லை, அதன் விளிம்பில் ஏறி நிற்கச் சொன்னார், விழாமல் இருக்க அவருடைய நல்ல தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி மிதித்தேன், சாலையில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ. லீவரை விட்டு நெம்புவது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை, அது தடித்த மெத்தைக்குச் சின்ன உறை மாட்டுகிற அதே வேலை. கடைசி மூலைதான் படுத்தும், அப்போது அந்த மூலையோடு சண்டை போடக் கூடாது, எதிர்ப்பக்கம் நன்றாக உள்ளே அமுக்கிவிட்டால் இந்தப் பக்கம் தானாக இடம் கிடைக்கும். நான் அதைச் செய்ததும் அப்பா, இதை நான் சொல்றதுக்குள்ள நீயே பண்ணிட்டியே என்றார். டயருக்குள் துணியை விட்டுத் தடவியதில் ஒரு சின்ன ஆணி மாட்டியது. அதைக் கையில் வைத்து அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் ஒரு லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்தார், உன் வயசுதான் இருக்கும், என்னைப் பார்த்துவிட்டு அவருக்குப் பாவமாகப் போய்விட்டது. விடுங்கம்மா, நான் ரெண்டு நிமிஷத்துல மாட்டித் தர்றேன், ஐயா நீங்க இப்படி நிழல்ல உக்காருங்க என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்றால், சரிப்பா என்று சொல்லிவிட்டு அப்பா தள்ளிப் போயிருப்பார், அதற்காகத்தானே பையையே ஒளித்தார். அன்று அவர் நகரவில்லை. எனக்குத் தோள்ல பலம் இல்ல தம்பி, அதான் இவங்க பண்றாங்க, இவங்களே முடிச்சிடுவாங்க என்றார். முன்பின் தெரியாத ஒருவரிடம், சத்தமாக, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு. நான் லீவரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அந்த டிரைவர் போய்விடாமல் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றார்.

முடிச்சிடுவாங்க என்று அப்பா சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை போல, புது ட்யூபை உள்ளே வைத்து மேல் விளிம்பை மாட்டுகிற அவசரத்தில் லீவர் முனை ட்யூபைக் கிள்ளிவிட்டது. காற்றடித்தால் உஸ் என்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா, புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் கிள்ளுவாங்க, நான் ரெண்டு ட்யூபைக் கிள்ளியிருக்கேன் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கழற்றச் சொன்னார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை அவரே செய்தார், அதற்குப் பலம் வேண்டாம், பொறுமை போதும். சொல்யூஷனைத் தடவிவிட்டு நான் உடனே பேட்ச்சை ஒட்டப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். காயணும், தொட்டா விரல்ல ஒட்டக் கூடாது, அப்பதான் பேட்ச் பிடிக்கும், ஈரத்துல ஒட்டினா கழண்டுடும் என்றார். சரி என்று உட்கார்ந்தோம். டிரைவர் தன் வண்டி டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். அந்தக் காத்திருக்கிற நேரத்தில்தான் அப்பா சொன்னார்.

"வண்டிய விக்கச் சொன்னது அவன் இல்ல. நான்தான் அவன்கிட்ட ஆள் பாக்கச் சொன்னேன்" என்றார். தனக்கு நினைவு தப்பிக்கொண்டு வருகிறது என்று உன்னிடம் சொன்னதையும், அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று உன்னிடம் வாக்கு வாங்கியதையும், நான் உன்னைத் திட்டியபோது பக்கத்திலேயே செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததையும் எல்லாம் சொன்னார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாதவன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகலாமா என்று உன்னிடம் கேட்டாராம். உன் அப்பா ஓட்டுவதை விடுவதற்குத் தயாராக இருந்தது தோளுக்காக இல்லை, எனக்காக. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட, உன்னை நினைத்து வந்த வேதனைதான் பெரிது. அப்பாவுக்கு நினைவு போகிறது என்ற பயத்தை அவ்வளவு தூரத்தில் நீ தனியாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் என்னிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, சரிம்மா என்று போனை வைத்தாயே, அன்று சாப்பிட்டாயா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. மருமகளிடமாவது சொன்னாயா. சொல்லியிருக்க மாட்டாய், நீ அவர் பிள்ளை.

அதனால் முதல் காரியமாக இதைத் தெரிந்துகொள். அப்பாவுக்கு மறதி இல்லை. மனசுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று தோளைக் காட்டப் போனபோது டாக்டரிடமும் கேட்டோம், அவர் என்னென்னவோ கேள்வி கேட்டார், தலைகீழாக எண்ணச் சொன்னார், அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, உங்க லிப்டு கதவு மூணாவது மாடியில சரியா மூடலை, கவனிங்க என்று டாக்டருக்கே ஒரு வேலை வைத்துவிட்டு வந்தார். நீ இனி இதை நினைத்து ராத்திரி முழித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்று பேட்ச் நன்றாகப் பிடித்தது, சக்கரத்தை மாட்டும்போது லாரி டிரைவர் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார், பம்பை நானும் அந்த டிரைவரும் மாற்றி மாற்றி அடித்தோம், வீடு வரைக்கும் காற்று இறங்கவில்லை. மறுநாள் கடையில் கொடுத்துச் சரிபார்த்தோம். நகத்துக்குள் போன கிரீஸ் இன்னும் போகவில்லை, பல் டாக்டரின் சோபாத் துணியைத் தொடவே பயமாக இருக்கிறது. அப்பா இப்போது சாயங்காலத்தில் ஷெட்டில் பழைய சக்கரம் ஒன்றை வைத்துக்கொண்டு எனக்குக் கழற்றிக் கழற்றி மாட்டப் பழக்குகிறார், ட்யூபைக் கிள்ளாமல் மாட்டிவிட்டால் டீ அவர் போடுகிறார், அதனால் சில நாள் நல்ல டீ கிடைக்கிறது, சில நாள் நான் போட்டதையே குடிக்க வேண்டியிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது கண்ணு. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அதில் அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அன்பில் ஒரு மனுஷர் தனக்குப் புத்தி பிசகுகிறது என்று நம்புகிற அளவுக்குப் போய்விட்டார். நான் முதல் நாளே, ஏங்க, பை அலமாரியில கிடக்குதே என்று கேட்டிருந்தால் அரை மணி நேரச் சண்டையோடு போயிருக்கும். நீயும் இந்த வீட்டுப் பிள்ளைதான், அதனால் சொல்கிறேன், மருமகளிடம் எதையும் மென்று முழுங்காதே. அவள் கேட்டால் எரிச்சல் படாமல் சொல், கேட்காவிட்டாலும் சொல். உன் காரில் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்து எத்தனை நாள் ஆயிற்று, அதைப் பார். சொல்யூஷன் ட்யூபை ஒருமுறை திறந்தால் காய்ந்துவிடுமாம், அதனால் திறந்ததை வைத்துக்கொண்டு தைரியமாக இருக்காதே, புதிதாக வாங்கி வை. மருமகளுக்கும் சக்கரம் மாற்றச் சொல்லிக்கொடு, சட்டை அழுக்காகும் என்று அவள் சொன்னால் என் நகத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தில் ஒன்றைக் காட்டாமல், நிறைவாக நெடுநாள் இருக்க வேண்டும். பேத்திக்குப் புதுப் பல் கோணாமல் முளைக்கட்டும், அவளுக்குத் தாத்தாவும் பாட்டியும் ஆளுக்கொரு முத்தம். மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். அடுத்த தடவை நீ கூப்பிடும்போது போனை நான்தான் எடுப்பேன், அடுப்பு எரிந்தாலும் எடுப்பேன்.

ஒன்றை மட்டும் மறக்காமல் செய். மாதக் கடைசிக்கு முன்னால் உன் சிநேகிதரிடம், வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லிவிடு. அப்பாவுக்கும் ஆசை அதுதான், ஆனால் உன்னைக் கேட்டு ஆள் பார்க்க வைத்துவிட்டு, இப்போது வேண்டாம் என்று உன்னிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை, இரண்டு நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். நீ அவர் சொல்லும்வரை காத்திருக்காதே. உன் சிநேகிதர் ஏன் என்று கேட்டால், அம்மா ஒத்துக்கலை, ஒத்தைக் காலில் நிக்கறாங்க என்று சொல். அப்பா கேட்டாலும் அதையே சொல். போன தடவை அவருக்காக நீ சுமந்தாய், இந்தத் தடவை பழி என் மேல் இருக்கட்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா